கண்ணகியைப் பார்த்தவர்கள்

அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு ஏலக்காயை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதைக்கு அந்த வாசனை தேவைப்படுகிறது.

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு இந்தச் சிரமமே கிடையாது. தரம் பிரிக்கிற கூடங்கள், மூட்டை அடுக்கிய கடைகள் என்று ஊரே அந்த மணத்தில்தான் மிதக்கிறது. மலைக்கு மேலே கேரளத்துப் புத்தடி, மலைக்குக் கீழே போடி. நம் பாயசத்தில் விழுகிற ஏலக்காய்க்கு விலை வைக்கிற ஸ்பைசஸ் போர்டு ஏலங்கள் இந்த இரண்டு ஊர்களில்தான் நடக்கின்றன. விடிந்தும் விடியாத நேரத்தில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் பெண்களை நெருக்கிப் பிடித்து ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். காயெடுத்துவிட்டு சாயங்காலம் இறங்கி வரும்.

இந்தப் பக்கத்து டீக்கடைகளில் உட்கார்ந்தால் ஒரு பேச்சு காதில் விழாமல் இருக்காது. ‘அந்த மலையே நம்ம சனம் போய்த் திருத்தினதுதாங்க. அதுக்கு முன்னாடி அங்கே என்ன இருந்துச்சு? யானையும் அட்டையும்தான்!’

பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மலைமேல் இருக்கிறவர்களைக் கேட்க வேண்டும். ஏலத்தோட்டங்கள் வருவதற்கு முன்பே, தேயிலையை வெள்ளைக்காரன் கொண்டுவருவதற்கும் முன்பே, அந்தக் காட்டில் குடிசை போட்டு கேழ்வரகு விதைத்தவர்கள் இருக்கிறார்கள். முதுவான்கள், மன்னான்கள், ஊராளிகள், பளியர்கள். ‘நீங்க எந்த ஊர்?’ என்று அவர்களில் முதல் மூன்று கூட்டத்தாரைக் கேட்டுப் பாருங்கள். காடு, மலை என்று பதில் வராது.

‘மதுரை’ என்பார்கள்!

முதுவான்கள் சொல்கிற கதை இது. மதுரை அழிந்தபோது மீனாட்சியம்மன் சிலையை முதுகில் கட்டிச் சுமந்துகொண்டு மலையேறினோம். முதுகில் சுமந்ததால் முதுவான் ஆனோம். இன்றைக்கும் முதுவான் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைப்பதில்லை, துணியால் முதுகில் கட்டிக்கொள்கிறார்கள். கதைக்கு அதுவே சாட்சி என்பார்கள். போடியிலிருந்து குரங்கணி போய், அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுகிற பாதையில் முதுவாக்குடி என்றே ஒரு ஊர் இருக்கிறது.

ஊராளிகள் கதை இன்னும் கொஞ்சம் ஒய்யாரமானது. மதுரை ராஜா ஊர்வலம் போகும்போது குடை பிடித்தவர்கள் அவர்கள். ராஜா தப்பி ஓடியபோது குடைக்காரர்களும் கூடவே வந்துவிட்டார்கள்.

மன்னான்களும் அப்படியே. பாண்டிய ராஜாவுக்கு வேண்டியவர்கள், அவரோடு காட்டுக்குள் வந்தவர்கள். கோட்டயம் மாவட்டத்துப் பூஞ்சாறில் ஒரு ராஜ குடும்பம் இருந்தது. தாங்கள் மதுரைப் பாண்டியர் வழி என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அங்கே மீனாட்சிக்குக் கோயிலும் உண்டு. மலையில் பெரும்பகுதி அந்தப் பூஞ்சாறு ராஜாவின் கையில்தான் இருந்தது. 1877-ல் மன்றோ என்கிற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கியதும் அவரிடமிருந்துதான்.

சரி, எப்போது நடந்தது இந்த ஓட்டம்? இங்கேதான் வேடிக்கை. ஒரு கதை கண்ணகி வைத்த தீயைச் சொல்லும். இன்னொன்று சோழன் படையெடுப்பைச் சொல்லும். 1311-ல் மாலிக் காபூர் வந்தது பாண்டியர்களுக்கு எப்பேர்ப்பட்ட அடி என்பது உங்களுக்குத் தெரியும். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட புத்தகத்தில், தெலுங்கு நாயக்கர்கள் போடிநாயக்கனூரைப் பிடித்தபோது முதுவான்கள் மலையேறினார்கள் என்றொரு கணக்கும் இருக்கிறது. ஆக, மதுரை ஒரு தடவை எரியவில்லை. எரிந்த ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேற்கே நடந்திருக்கிறார்கள். பல நூறு வருஷத்துத் தீ எல்லாம் மலைக்காரர்களின் நினைவில் ஒரே தீயாகிவிட்டது என்பது என் கணிப்பு. எழுத்தில்லாத சரித்திரம் அப்படித்தான் சேமிக்கும். வருஷத்தை மறக்கும். தப்பி வந்த திசையை மறக்காது.

இந்த மன்னான்களின் தலைநகருக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் இவ்வளவு பீடிகை.

போடிமெட்டுக் கொண்டை ஊசிகளைச் சுற்றி ஏறினால் பூப்பாறை. அங்கிருந்து தெற்கே திரும்பினால் உடும்பன்சோலை. இந்த ஊரில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். பூஞ்சாறு ராஜா மூன்று மன்னான்களைத் தன் பிரதிநிதிகளாக மூன்று இடங்களில் வைத்தார் என்று நூறு வருஷத்துக்கு முந்தைய பதிவு சொல்கிறது. ஒருவருக்கு வெள்ளி வாள். இன்னொருவருக்குக் காப்பு. மூன்றாமவருக்கு வெள்ளிப் பிரம்பு, கூடவே ‘தலமல மன்னான்’ என்ற பட்டம். அந்த வெள்ளிப் பிரம்புக்காரர் இருந்த இடம் இந்த உடும்பன்சோலை. போடிக்கு நேர் மேலே, நம் ஜீப்புகள் தினமும் கடந்து போகிற ஊர்!

நெடுங்கண்டம், கட்டப்பனை தாண்டி காஞ்சியாறு பஞ்சாயத்து. அதற்குள்தான் கோவில்மலை. கோழிமலை என்றும் சொல்வார்கள். சின்ன ஊர். பாக்கும் மிளகும் ஏலமும் நிற்கிற தோட்டங்களுக்கு நடுவே அங்கங்கே வீடுகள். கேரளத்தில் எஞ்சியிருக்கிற ஒரே பழங்குடி ராஜா இருப்பது இங்கேதான். ராஜ மன்னான் என்பது பட்டம். இடுக்கி மாவட்டத்தில் சிதறிக் கிடக்கிற நாற்பதுக்கும் மேற்பட்ட மன்னான் குடிகளுக்கு அவர்தான் தலைவர். ஒவ்வொரு குடிக்கும் ஒரு ‘காணி’ உண்டு. காணி தீர்க்க முடியாத வழக்கு ராஜாவிடம் போகும்.

ராஜா என்றதும் யானை, அம்பாரி என்று கற்பனையை ஓட்டிவிடாதீர்கள். இப்போதைய ராஜா ராமன் ராஜமன்னான் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் பொருளாதாரம் படித்த பட்டதாரி. விவசாயம் பார்க்கிறார். முந்தைய ராஜா ஆரியன் ராஜமன்னான் 2011 கடைசியில் இறந்தபிறகு இவர் பட்டத்துக்கு வந்தார். ராஜா மகன் ராஜா ஆகமுடியாது. அம்மா வழியில்தான் பட்டம் போகும். 2025 குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்க டெல்லியிலிருந்து இவருக்கு அழைப்பு வந்தது. மன்னான் ராஜா ஒருவர் அரசு விருந்தாளியாக அங்கே போய் உட்கார்ந்தார்.

ஊருக்குப் பக்கத்திலேயே தண்ணீர். கடல் மாதிரி விரிந்த இடுக்கி அணையின் நீர்த்தேக்கம். அந்தக் கரையில் அஞ்சுருளி என்று ஒரு இடம். தண்ணீருக்கு நடுவே ஐந்து குன்றுகள், ஐந்து உருளிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தது போலத் தெரியும். அதனால் அந்தப் பேர். இந்த ஏரியே கதைகளால் கட்டியது என்று சொன்னால் இன்ஜினீயர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் கேளுங்கள்.

குறவன் மலை, குறத்தி மலை என்று எதிரெதிரே இரண்டு பாறைமலைகள். நடுவே இடுக்கு. அதுதான் இடுக்கி. வனவாசம் வந்த ராமனும் சீதையும் இங்கே தங்கியபோது, சீதை குளிப்பதை ஒரு குறவனும் குறத்தியும் பார்த்துவிட்டார்கள். ராமன் சபித்துக் கல்லாக்கிவிட்டான். பக்கம் பக்கமாக, ஆனால் தொடமுடியாமல், நடுவே பெரியாறு ஓட. கலியுகத்தில் மனுஷன் கை உங்களைச் சேர்த்து வைக்கும், அப்போது சாபம் தீரும் என்று ஒரு விமோசனம். மலங்கரை எஸ்டேட் சூப்பிரண்டு டபிள்யூ. ஜே. ஜான் வேட்டைக்கு வந்தபோது, கொலும்பன் என்கிற ஊராளித் தலைவர் இந்த இடுக்கைக் காட்டினார். இங்கே அணை கட்டலாமே என்ற யோசனை அங்கிருந்துதான் பிறந்தது. குறவனையும் குறத்தியையும் இணைத்து 555 அடி உயரத்தில் வளைந்த அணை எழும்பியது. 1976 பிப்ரவரியில் இந்திரா காந்தி வந்து திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சாபம் தீர்ந்தது!

தீர்ந்தது கல்லின் சாபம். மனுஷர்கள் கதை வேறு. அணைக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து 1961-ல் குடியேற்ற விவசாயிகளை மழைக்காலத்தில் அப்புறப்படுத்தினார்கள். ஏ.கே. கோபாலன் குமுளிக்குப் பக்கத்தில் அமராவதிக்கு வந்து உண்ணாவிரதம் இருந்தார். அது செய்தியாகி வரலாற்றிலும் ஏறியது. அந்தக் காடு முழுக்க சுற்றித் திரிந்து, இடம் மாற்றி மாற்றி விதைத்த மன்னான்களுக்காக உண்ணாவிரதம் இருக்க யாரும் வரவில்லை. அவர்களுக்கு இது இரண்டாவது ஏரி வேறு. முதல் ஏரி 1895-ல் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு. நமக்கு அது சோறு போட்ட சாமி. கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுயிக் படம் மாட்டாத வீடுகள் குறைவு. தேக்கடியில் இன்று நாம் படகுச் சவாரி போகிற தண்ணீர், மன்னான்களும் பளியர்களும் நடமாடிய காட்டின் மேல்தான் நிற்கிறது. அவர்களைக் குமுளி ஓரத்தில் குடியமர்த்தினார்கள். இன்றைக்கும் அங்கே மன்னாக்குடி, பளியக்குடி இருக்கின்றன. அதே ஏரியில் மீன் பிடிக்கிறார்கள்.

இப்போது மொழிக்கு வருவோம். மன்னான்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டால் தமிழனுக்கு மலையாளம் மாதிரி இருக்கும். மலையாளிக்குத் தமிழ் மாதிரி இருக்கும். மொழியியல்காரர்கள் மன்னான் என்றே தனியாக ஒரு பெயர் கொடுத்துப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். முதுவான் மொழிக்கும் தனி இடம் உண்டு. இரண்டுக்கும் சொந்த எழுத்து கிடையாது. அதனால் அவர்களுடைய நூலகம் முழுக்க வாயில்தான் இருக்கிறது.

அந்த நூலகத்தைத் திறக்கிற நாள் காலவூட்டு. மாசி மாசத்தில் வருகிற அறுவடைத் திருவிழா. எல்லாக் குடிகளிலிருந்தும் சனம் கோவில்மலைக்கு வந்து சேரும். ராஜா உட்கார்ந்திருப்பார். ராத்திரி மத்தளம் முழங்கத் தொடங்கும். கூத்து! ஆண்களே சேலை கட்டிப் பெண் வேஷம் போட்டு ஆடுவார்கள். விடிய விடிய நடக்கும்.

என்ன கதை தெரியுமா? கோவலன் கண்ணகி கதை.

முதலில் கேட்டபோது எனக்கு இது சாதாரணமாகத்தான் பட்டது. தமிழ்நாட்டு ஊர்களில் தெருக்கூத்து இல்லையா, அப்படி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்து வஞ்சிக் காண்டத்தைத் திருப்பியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது.

உங்களுக்கு மதுரை எரிந்ததுவரை நன்றாக ஞாபகம் இருக்கும். சினிமா அதோடு முடிந்துவிடும். பட்டிமன்றமும் அதோடு முடிந்துவிடும். இளங்கோவடிகள் முடிக்கவில்லை. எரிகிற ஊரை விட்டுக் கண்ணகி மேற்கு வாசல் வழியாக வெளியேறுகிறாள். வைகைக் கரையோடு மேற்கே நடக்கிறாள். ராத்திரி பகல் தெரியாமல் நடந்து, ஒரு மலையேறி, பூத்து நின்ற ஒரு வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினாலாவது நாள் வானத்திலிருந்து வந்த கோவலனோடு மேலே போய்விடுகிறாள்.

இதைப் பார்த்தது யார்? புலவர் பார்க்கவில்லை. ராஜா பார்க்கவில்லை. அந்த மலையின் குறவர்கள் பார்த்தார்கள். ஒற்றை முலையோடு மரத்தடியில் நிற்கிறாளே, யாரம்மா நீ என்று கேட்டதும் அவர்கள்தான். இவள் நம் குலத்துக்குத் தெய்வம் என்று பறை கொட்டிக் கூத்தாடியவர்களும் அவர்கள்தான். கண்ணகிக்கு முதல் கும்பிடு போட்டது செங்குட்டுவன் கட்டிய கற்கோயிலில் என்று நினைத்துக்கொண்டிருந்தால், ஒரு காண்டத்தைத் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பிறகு சேரன் செங்குட்டுவன் மலைவளம் பார்க்க வந்து பேரியாற்றங்கரையில் தங்குகிறான். மலைக்காரர்கள் தலைச்சுமையாகக் காணிக்கை கொண்டு வருகிறார்கள். யானைத் தந்தம், அகில், சந்தனம், தேன் என்று நீளுகிற அந்தப் பட்டியலில் மிளகுக்கொடி இருக்கிறது. ஏலக்கொடியும் இருக்கிறது! வாயில் இன்னும் ஏலக்காய் மிச்சமிருந்தால் இப்போது மெல்லுங்கள். காணிக்கையை வைத்துவிட்டுத் தாங்கள் பார்த்ததை ராஜாவிடம் சொல்கிறார்கள். உடனிருந்த சாத்தனார் மதுரையில் நடந்ததைச் சொல்லிக் கதையின் முன்பாதியைச் சேர்க்கிறார். நூலின் பதிகத்தில் இளங்கோவடிகளைத் தேடி வந்து சொல்கிறவர்களும் குன்றக் குறவர்கள்தான். அதாவது, தமிழின் முதல் காப்பியம் தனக்குச் சேதி வந்த இடமாகக் காட்டுவது எழுத்தறியாத மலைக்காரர்களின் வாயை. புலவன் தன் மூலத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்னது நம் இலக்கியத்தில் அபூர்வம்.

ஒரு எச்சரிக்கை. உடனே ‘அந்தக் குறவர்களின் வாரிசுகள்தான் இந்த மன்னான்கள்’ என்று யாராவது மேடையில் முழங்கினால் கைதட்டாதீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. மன்னான்களே தங்களை மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றுதான் சொல்கிறார்கள், மலையிலேயே முளைத்தவர்கள் என்று சொல்லவில்லை. கண்ணகி ஏறிய குன்றம் எது என்பதிலேயே பண்டிதர்களுக்குள் சண்டை ஓயவில்லை. திருச்செங்கோடு என்பது ஒரு கட்சி. 1963-ல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கம்பம் கூடலூருக்கு மேலே உள்ள மங்கலதேவி கோயிலைக் காட்டி, இதுதான் என்று நிறுவ முயன்றார். இப்போது சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும் அந்தக் கோயிலைத் திறக்கிறார்கள். தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் கூடிப் பேசித் தண்ணீர்த்தொட்டி முதல் ஜீப் வாடகைவரை முடிவு செய்கிறார்கள்.

தவிர, கோவில்மலைக் கூத்து இளங்கோவின் புத்தகத்திலிருந்து வந்ததாக இருக்கவும் வாய்ப்பு குறைவு. உ.வே. சாமிநாதையர் 1892-ல் பதிப்பிக்கிறவரை சிலப்பதிகாரம் ஏட்டுச்சுவடியில் முடங்கிக் கிடந்தது. ஊர் ஊராகச் சனங்கள் பாடியது ‘கோவலன் கதை’யை. அதில் கண்ணகி சாந்தமான பத்தினி இல்லை. பாண்டியனைப் பழிதீர்க்க வந்து பிறந்த காளி. ஈழத்தில் மட்டக்களப்புப் பக்கம் வைகாசி மாதம் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறார்கள். சிங்களவர்களுக்கு அவள் பத்தினி தெய்யோ. கொடுங்கல்லூர் பகவதியும் அவள்தான் என்பார்கள். இப்படி மூன்று மொழியில் தெய்வமாகிப் பரவியவளை, அச்சுப் புத்தகத்தின் தயவு இல்லாமலே மன்னான்களும் வைத்திருக்கிறார்கள். படித்தவர்கள் அவளை மறந்திருந்த நூற்றாண்டுகளிலும் வைத்திருந்தார்கள்.

எதற்காக வைத்துக்கொண்டார்கள்? எனக்குத் தோன்றுவது இதுதான். கண்ணகி போன வழியும் இவர்கள் போன வழியும் ஒன்று. எரிகிற மதுரை முதுகுக்குப் பின்னால், வைகைக் கரை, மேற்கே மலை. ராஜா வீட்டு அநியாயத்தைப் பார்த்துவிட்டு ஊரை விட்டு நடந்த ஒரு பெண்ணின் கதையில், ஊரை விட்டு நடந்த ஒரு கூட்டம் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கூத்து அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. அது பட்டா. நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதற்கு அவர்கள் கையில் இருக்கிற ஒரே பத்திரம்.

அந்தப் பத்திரம்தான் இப்போது செல்லரிக்கிறது.

1950-களில் தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்று பெரிய தகராறு நடந்தது உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தமிழர்கள்தான் அதிகம் என்று நாம் சொன்னோம். அவர்களெல்லாம் பிழைக்க வந்த தோட்டத் தொழிலாளிகள், வந்து போகிறவர்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னது. திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணுப் பிள்ளை மலையாள விவசாயிகளை மலைக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினார். கல்லாரில் ‘பட்டம் காலனி’ என்றே ஒரு ஊர் உண்டு. 1956 நவம்பரில் மலை கேரளத்துக்குப் போனது. தேனி மாவட்டத்துப் பெரியவர்கள் காமராசர் சொன்னதாக ஒரு ‘குளம் - மேடு’ வாசகத்தைச் சொல்லி இன்றைக்கும் பெருமூச்சு விடுவார்கள். இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் தலையை எண்ணியது. வந்தவர் எத்தனை, போனவர் எத்தனை என்று கணக்குப் பார்த்தது. அங்கேயே இருந்தவர்கள் பேசுவது தமிழா, மலையாளமா, மூன்றாவது ஒன்றா என்று யாரும் நின்று கேட்டதாகத் தெரியவில்லை.

கோடு போட்டபிறகு பள்ளிக்கூடம் வந்தது. மலையாளத்தில் வந்தது. அதில் தப்பு சொல்ல முடியாது. தமிழ்நாட்டுப் பக்கம் இருந்திருந்தால் பாடப்புத்தகத் தமிழில் வந்திருக்கும், அதுவும் அவர்கள் வீட்டு மொழி இல்லை. ஆறு வயசுப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து ஆசிரியர் பேசுவது புரியாமல் விழிக்கிறது. கொஞ்ச நாளில் புரிந்துவிடுகிறது. புரியத் தொடங்கியதும் பாட்டி பேசுவது வெட்கமாகிவிடுகிறது.

இந்த வெட்கம் உலகத்துக்குப் பொதுவானது. அயர்லாந்தில் ஐரிஷ் பேசிய பிள்ளைகளின் கழுத்தில் 19-ம் நூற்றாண்டில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு ஐரிஷ் வார்த்தைக்கும் அதில் ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டுகளை எண்ணி அடி. அந்தக் குச்சியும் 1845-ல் தொடங்கிய பெரும்பஞ்சமும் சேர்ந்து அந்த மொழியை மேற்குக் கடலோரத்திலும் ஏரிக்கரைகளிலும் உள்ள சின்னச் சின்ன கிராமங்களுக்குள் ஒதுக்கிவிட்டன. ஆனால் சுதந்திர அயர்லாந்து 1937-ல் ஒரு காரியம் செய்தது. நாட்டார் கதைகளைச் சேகரிப்பதற்கென்றே ஏற்பட்ட ஆணையம், சுமார் 5,000 பள்ளிக்கூடங்களுக்குச் சொல்லி அனுப்பியது: பிள்ளைகளே, இனி கட்டுரை நோட்டில் வீட்டுப் பாட்டி தாத்தா சொல்கிற கதையை எழுதிக்கொண்டு வாருங்கள். பேய்க்கதை, ஏரிக்குள் இருக்கிற குதிரை, நாட்டு வைத்தியம், எல்லாம். பதினோரு வயசும் பதினாலு வயசுமான பிள்ளைகள் இரண்டு வருஷம் எழுதினார்கள். அந்த நோட்டுகள் இன்றைக்கும் டப்ளினில் பத்திரமாக இருக்கின்றன. மொழி அதனால் பிழைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன்; பிழைக்கவில்லை, இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பாட்டி சொல்வது பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகத் தகுந்த சரக்கு என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

நம் மலையில்? காலவூட்டு நடக்கிறது, டி.வி. கேமராக்கள் வருகின்றன, ராஜாவின் படம் பேப்பரில் வருகிறது. மத்தளச் சத்தமும் சேலை கட்டிய ஆண்களும் நன்றாகப் பதிவாகிறார்கள். பாட்டின் வரிகள் முழுசாகத் தெரிந்தவர்கள் வயசானவர்கள். இளவட்டங்களுக்கு ஆட்டம் தெரிகிற அளவுக்கு அர்த்தம் தெரிவதில்லை என்பது இப்படிப்பட்ட எல்லாக் கூத்துக்கும் வருகிற நோய். போடியிலிருந்து மூன்று நான்கு மணி நேரப் பயணம்தான். தமிழில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குத் தலைப்பு கிடைக்காமல் அலைகிற பிள்ளைகள் யாராவது ஒரு நோட்டும் ரிக்கார்டரும் எடுத்துக்கொண்டு ஒரு மாசி மாசம் போய் உட்காரலாம். சிலம்பில் உவமைகள் என்று எழுதுவதற்குப் பதிலாக!

கடைசியாக ஒரு சேதி. மூணாறுக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் இடமலைக்குடி என்று முதுவான்களின் பஞ்சாயத்து. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து அதுதான், 2010-ல் உருவானது. அங்கே ஒரு குடியில் சின்னத்தம்பி என்கிற பெரியவர் டீக்கடை வைத்திருந்தார். மண்குடிசை. பிஸ்கட், தீப்பெட்டி, டீ. பத்திரிகையாளர் சாய்நாத் மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டு 2014-ல் எழுதினார். கடைக்குள்ளிருந்து பெரியவர் இரண்டு சாக்கு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் கொட்டினாராம். 160 புத்தகங்கள். நூலகம்! யார் எதை எடுத்துப் போனார் என்பதற்கு ஒரு நோட்டு. யானை நடமாடுகிற காட்டுப் பாதையில் வந்து முதுவான்கள் எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பஷீர் இருந்தார், எம்.டி. வாசுதேவன் நாயர் இருந்தார், காந்தி இருந்தார்.

சிலப்பதிகாரமும் இருந்தது. மலையாள மொழிபெயர்ப்பில்.